வாலாஜாபாத் வரைக்கும் ஒரு பரீட்சை

பரசுராமன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கன்னியாகுமரிக்குப் போவது நிச்சயம். பெண்டாட்டி இல்லாமல் போவது அதைவிட நிச்சயம்.

இந்த முடிவை அவர் எடுத்தது தன் உரக்கடையில் உட்கார்ந்துகொண்டு. முடிவெடுக்க அவருக்கு அதுதான் தோதான இடம். வீட்டில் அவர் எடுத்த முடிவுகளெல்லாம் ரேணுகாம்பாள் எடுத்துக் கையில் கொடுத்தவை.

காஞ்சிபுரத்தில் உரக்கடை பரசுராமனைத் தெரியாத கடைக்காரர் கிடையாது. வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். மேடையில் ஏறினால் இறங்க மாட்டார். அவர் பேசி முடித்தால் மைக்குக்குத்தான் தொண்டை கட்டியிருக்கும். அப்பேர்ப்பட்ட சிங்கம், வீட்டு வாசலுக்கு வந்ததும் செருப்பையும் கர்ஜனையையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகும்.

அந்த வருஷம் சங்கத்தில் பஸ் பிடித்து யாத்திரை போவதென்று தீர்மானம் போட்டிருந்தார்கள். ஸ்ரீரங்கம், மதுரை, ராமேஸ்வரம், கடைசியில் கன்னியாகுமரி. அங்கே கடலுக்கு நடுவே பாறைமேல் மண்டபம் கட்டித் திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. போய் வந்தவன் எல்லாம் கதை கதையாகச் சொன்னான். 'குடும்பத்தோடு வரலாம்' என்று சங்கத்தில் அறிவித்தார்கள். அது ஒரு மரியாதைக்கு. கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போடுவதில்லையா, அந்த மாதிரி. அதை நம்பி யாரும் சுற்றம் முழுவதையும் கிளப்பிக்கொண்டு வரக்கூடாது.

சங்கப் பொருளாளர் ஜவுளிக்கடை காசிநாதன் உரக்கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பரசு, சீட்டு எல்லாம் சரியா இருக்குதா?"

காசிநாதன் வாயில் சீட்டு என்றால் மூன்று பொருள். பஸ்ஸில் உட்காருவது ஒரு சீட்டு. அதற்கு வாங்குவது ஒரு சீட்டு. உட்கார்ந்தபின் கையில் விசிறி மாதிரி விரிவது ஒரு சீட்டு. மூன்றாவதுக்காகத்தான் முதல் இரண்டும்.

"பொம்பளைங்க வந்தா இன்னா ஆவும்?" என்று கேட்டார் பரசுராமன்.

"சீட்டு இருக்கும். சீட்டு இருக்காது."

இவ்வளவு பெரிய துக்கத்தைச் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

"என் வீட்ல வரமாட்டா. உன் வீட்டம்மா?" என்றார் காசிநாதன்.

"அவளுக்கு முட்டி வலிப்பா."

சொன்ன உடனே பரசுராமனுக்கு மூளையில் விளக்கு எரிந்தது. இத்தனை காலமும் வீட்டில் ஒரு வலி இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டோமே என்று தோன்றியது.

ரேணுகாம்பாளின் முட்டி வலி பழைய வலி. இரண்டு முழங்காலும் வீங்கும், வடியும், மறுபடி வீங்கும். மழை வருவதை வானொலி சொல்வதற்கு முன்னால் அவள் முட்டி சொல்லிவிடும். காலையில் கட்டிலை விட்டு எழ அவளுக்கு ஒரு தனி நேரம் வேண்டும். சோதித்துப் பார்த்த டாக்டர், "இது மூட்டு வாதம்" என்றார். "வாதம்னா அது இவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே இருக்குது டாக்டர்" என்று பரசுராமன் சொல்லப்போய், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வீடு வரும் வரைக்கும் அந்த வாதத்தில் தோற்றுக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். குரலில் கொஞ்சம் தேன் தடவிக்கொண்டார்.

"ரேணுகா, முட்டி எப்படி இருக்குது?"

ரேணுகாம்பாள் கையில் கரண்டி அப்படியே நின்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. இதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"இருந்த எடத்துலதான் இருக்குது. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"இல்ல, இந்தக் கன்னியாகுமரி பஸ்ஸு. படி இவ்ளோ ஒசரம். நாளெல்லாம் காலை மடக்கி உக்காரணும். ராத்திரி லாட்ஜுல மாடி ஏறணும். கோயிலுக்குக் கோயில் நடக்கணும். நெனச்சாலே எனக்கே முட்டி வலிக்குது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நான் வரேன்னு எப்ப சொன்னேன்?"

பரசுராமனுக்கு வாயெல்லாம் பல். "வரலியா?"

"வரலன்னும் சொல்லலியே."

பல் உள்ளே போயிற்று.

ரேணுகாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எதிரே மணையில் உட்கார்ந்தாள். ஒரு காலை நீட்டிக்கொண்டாள்.

"கல்யாணமான புதுசுல கடல் பாக்கணும்னு கேட்டேன். கடை தொறந்து கொஞ்ச நாள்தானே ஆவுதுன்னீங்க. அப்புறம் கேட்டேன். பசங்க சின்னதுங்கன்னீங்க. பசங்க வளந்து ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போயிட்டாங்க. இப்ப முட்டின்றீங்க. இந்த முட்டியும் வளந்து எங்கனா வேலைக்குப் போவட்டும்னு காத்துக்கினு இருக்கணுமா?"

மேடையாக இருந்தால் இந்த இடத்தில் பரசுராமன் தண்ணீர் கேட்டுக் குடித்திருப்பார். இங்கேயும் தண்ணீர்தான் குடித்தார். ஆனால் குடித்து முடிப்பதற்குள் ஒரு யோசனை வந்துவிட்டது. தன்னைப் போல் யோசனைக்காரன் ஜில்லாவிலேயே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

"சரி. யாருக்கும் வருத்தம் வேணாம். ஒரு பரீட்சை வச்சுக்கலாம். ஞாயித்துக்கெழமை சந்தைக்கு வாலாஜாபாத் போய்த் திரும்பி வரலாம். பஸ்லதான். போய்ட்டு வீடு வந்து சேர்ற வரைக்கும் 'அம்மா'ன்னு ஒரு மொனகல் வந்தாலும் நீ கன்னியாகுமரிப் பேச்சை எடுக்கக் கூடாது. மொனகல் வரலன்னா மொத சீட்டு உனக்கு."

"இந்தச் சட்டம் எனக்கு மட்டுமா, கூட வர்றவங்களுக்கும் சேத்தா?"

பரசுராமனுக்குச் சிரிப்பு வந்தது. இரும்பு மாதிரி உடம்பு அவருக்கு. தும்மல்கூட யாராவது சொன்னால்தான் வரும்.

"சேத்துத்தான்! யாரு மொனகினாலும் அவங்க வீட்ல. பரசுராமன் பேச்சு மாற மாட்டான்."

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு ரேணுகாம்பாள் பின்பக்கத்துச் சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஜோஹரா! ஏ ஜோஹரா!"

அடுத்த வீட்டு ஜோஹராவின் தலை சுவருக்கு மேலே எழும்பியது. மெத்தைக்கடை ஃபக்ருதீனின் மனைவி அவள். ரேணுகாம்பாளுக்குத் தங்கச்சி மாதிரி. சாட்சி சொல்வதென்றால் வக்கீல் மாதிரி. நிபந்தனை முழுவதையும் ஒரு தடவை கேட்டாள். பரசுராமன் வாயாலேயே இன்னொரு தடவை சொல்ல வைத்தாள்.

"அண்ணே, அப்புறம் வார்த்தை மாற மாட்டீங்களே?"

"சங்கச் செயலாளர்மா நான்!"

"அதனாலதாண்ணே கேட்டேன்" என்றாள் ஜோஹரா. தலை கீழே இறங்கியது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததையெல்லாம் பரசுராமன் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

ஜோஹரா கடையிலிருந்து பஞ்சு கொண்டுவந்து, தட்டையாக ஒரு திண்டு தைத்தாள். உருண்டையாக இன்னொன்று. தட்டையானது உட்கார. உருண்டை முழங்காலுக்கு அடியில் கொடுக்க. சனிக்கிழமை சாயங்காலம் ரேணுகாம்பாள் நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளித்தாள். ஞாயிறு காலையில் வழக்கத்தைவிட முன்னதாக எழுந்து, கட்டிலில் இருந்தபடியே காலை நீட்டினாள், மடக்கினாள், நீட்டினாள். இட்லி சாப்பிட்டாள். டாக்டர் கொடுத்த மாத்திரையை வலி வருவதற்கு முன்னாலேயே போட்டுக்கொண்டாள். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து, அதைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"முட்டிக்கு மூட்டையா!" என்றார் பரசுராமன். "இன்னா ரேணுகா, வாலாஜாபாத்துக்குப் போறியா, பிரசவத்துக்குப் போறியா?"

"பை கனமா இருக்குது. நீங்க தூக்கிக்குங்க. கனம் தூக்கினாதான் எனக்கு முட்டி பிடிக்கும்."

பஸ் ஸ்டாண்டில் வாலாஜாபாத் போக நல்ல பஸ்கள் நின்றன. பரசுராமன் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு பழைய பிரைவேட் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். ஊரார் அதற்கு வைத்த பெயர் ஆட்டுக்கல். அரிசியாக ஏறினவன் மாவாக இறங்குவான். அதன் ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது, கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ஹாரனைத் தவிர மற்ற எல்லாப் பாகமும் சத்தம் போடும். அதிலும் கடைசி சீட்டு சக்கரத்துக்கு நேர் மேலே. அதைத்தான் அவர் மனத்துக்குள் பெண்டாட்டிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்.

ஆட்டுக்கல் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து குதித்தான்.

"அக்கா! வாக்கா, வாக்கா! பாத்து ஏறு!"

பரசுராமன் திடுக்கிட்டார். அவன் கலியன். முசரவாக்கத்துக்காரன். ரேணுகாம்பாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"நீ இந்த பஸ்லயா இருக்கறே?"

"தீபாவளிலேர்ந்து இதுலதான் மாமா. அக்கா சொல்லலியா?"

அக்கா சொல்லவில்லை. அக்கா கம்பியைப் பிடித்து, வலி குறைந்த காலை முதலில் படியில் வைத்து, பிறகு மற்ற காலைச் சேர்த்து, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றவர்களைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அவர்களும் சத்தம் போடவில்லை. டிரைவருக்குப் பின்னால் பெண்கள் சீட்டின் ஓரத்தில், காலை நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொள்ள வாகான இடம் கலியன் பிடித்து வைத்திருந்தான். திண்டு விரிந்தது. உருண்டை உரிய இடத்துக்குப் போயிற்று.

"ரேணுகா, அங்க இல்ல! கடைசி சீட்டு!" என்று கத்தினார் பரசுராமன்.

"பஸ்ஸு எதுன்னு நீங்க சொன்னீங்க, ஏறிட்டேன். சீட்டு எதுன்னு சொல்லலியே."

"அப்ப நானும் அங்கயே..."

"இது பொம்பளைங்க சீட்டு மாமா" என்றான் கலியன். "உங்களுக்குப் பின்னாடி போட்டு வச்சிருக்கறேன். பையைக் குடுங்க, அக்கா கால்கிட்ட வைக்கணும்."

பரசுராமன் பின்னால் போனார். ஒரு பக்கம் காலி கூடைகளோடு ஒரு கத்தரிக்காய் வியாபாரி. இன்னொரு பக்கம் மடியில் ஆட்டுக்குட்டியோடு ஒரு பெரியவர். நடுவில் மிச்சமிருந்த இடத்தில் சங்கச் செயலாளர்.

பஸ் ஊரைத் தாண்டியதும் ஆட்டுக்கல் ஆட்ட ஆரம்பித்தது. பரசுராமன் எழும்பினார், விழுந்தார். எழும்பும்போது தனியாக எழும்பினார். விழும்போது ஆட்டுக்குட்டிமேல் விழுந்தார். அது அவர் வேட்டி நுனியை வாயில் போட்டுக்கொண்டது. முதுகெலும்பில் இருக்கும் கண்ணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டன. முனகல் தொண்டை வரைக்கும் வந்தது. துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

"பல்லு வலியா?" என்று கேட்டார் பெரியவர்.

"ம்ம்" என்றார் பரசுராமன்.

முன்னால் ரேணுகாம்பாள் ராணி மாதிரி போய்க்கொண்டிருந்தாள். பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். குதிகாலைத் தூக்கினாள், இறக்கினாள். உட்கார்ந்தாள். "தம்பி, ஒரு நிமிஷம் பொறுத்து எடுப்பா, கால் மரத்துப் போச்சு" என்று டிரைவரிடம் சொன்னாள். டிரைவர் பொறுத்து எடுத்தார். பக்கத்தில் இருந்த பெண் தன் இடுப்பு வலியைச் சொன்னாள். அதற்குப் பின்னால் இருந்தவள் தோள்பட்டை வலியைச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸின் முன்பாதி முழுவதும் ஒரே வைத்தியப் பேச்சு. ஒருத்தி ரேணுகாம்பாளின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி கொய்யாப்பழம் கொடுத்தாள். அவள் கடிப்பதைப் பின்னாலிருந்து பரசுராமன் பார்த்தார். அவர் துண்டைக் கடித்தார்.

வாலாஜாபாத்தில் ரேணுகாம்பாள் படியில் பின்பக்கமாகத் திரும்பி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இறங்கினாள். பரசுராமன் வழக்கம்போல் குதித்து இறங்கினார். தரையில் கால் பட்டதும் இடுப்பு அப்படியே நின்றுவிட்டது. கேள்விக்குறி மாதிரி நின்றார்.

"இன்னாங்க, கீழே எதுனா விழுந்துடுச்சா?"

"இல்ல. ஊரு நல்லா இருக்குதான்னு பாக்கறேன்."

"நிமுந்து பாத்தா இன்னும் நல்லாத் தெரியும்."

டீக்கடை பெஞ்சில் சாயப் போனவரை அவள் விடவில்லை. "உக்காந்தா பிடிச்சுக்கும். மெதுவா நடங்க." இரண்டு பேரும் சந்தைக்குள் நடந்தார்கள். அவள் கொஞ்சம் நடந்தாள், ஒரு கடையில் சாய்ந்து நின்று விலை கேட்டாள், மறுபடி நடந்தாள். அவள் விலை கேட்பதெல்லாம் வாங்குவதற்காக இல்லை, காலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக என்று பரசுராமனுக்கு நாலாவது கடையில்தான் புரிந்தது. கடைத்தெருவுக்குப் போனால் இவள் ஏன் எல்லாப் பாத்திரக் கடையிலும் நிற்கிறாள் என்று அவர் பல வருஷமாக எரிச்சல்பட்டிருக்கிறார்.

ஒரு புளியமரத்தடியில் கல்மேல் உட்கார்ந்து அவள் உப்பு மூட்டையை எடுத்தாள். அதில் இன்னும் சூடு இருந்தது. முட்டியில் வைத்துக்கொண்டாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக இருந்தது. முன்சீட்டில் அதை அவர் பார்க்கவில்லை.

"வலிக்குதா ரேணுகா?"

இது நிஜமாகவே கேட்ட கேள்வி. அவளுக்கும் அது தெரிந்தது.

"வலிக்காம இன்னா? இப்பவும் வலிக்குது. காலையிலயும் வலிச்சுது. வலிக்கலன்னு நான் எப்ப சொன்னேன்?"

"அப்புறம் எப்படி ஒரு சத்தமும் இல்லாம வந்தே?"

"சத்தம் போட்டா கொறையும்னா போட மாட்டேனா? இதோட நான் எத்தினி வருஷமா குடித்தனம் பண்றேன். எப்ப கோவம் வரும், எப்ப அடங்கும், எதைக் குடுத்தா சும்மா இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்களோட பழகினதை விட இதோட பழகறது சுலபம்." அவள் மூட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டாள். "வலி இங்க இருந்தாலும் இருக்கும், அங்க போனாலும் இருக்கும். இங்க இருந்தா வலி மட்டும்தான். அங்க போனா வலியோட கூடக் கடலும் இருக்குமில்ல?"

பரசுராமனுக்கு என்னவோ போல் ஆயிற்று. 'சரி, நீயும் வா' என்று சொல்ல வாயைத் திறந்தார். காசிநாதன் கையில் விசிறி மாதிரி சீட்டு விரிவது கண்முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில் சொல்லித் தொலைத்திருந்தால் பேராவது மிஞ்சியிருக்கும்.

திரும்பி வர ஆட்டுக்கல்லே வந்தது. பரசுராமன் இப்போது கடைசி சீட்டைத் தவிர்க்கப் பார்த்தார். சந்தை முடிந்த கூட்டம். தவிர்க்க முடியவில்லை. பக்கத்தில் அதே பெரியவர். ஆட்டுக்குட்டி விலை போகவில்லை.

பாதி வழி வரைக்கும் பரசுராமன் வென்றார். துண்டு பாதியாகியிருந்தது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச தூரம். ஊர்க் கோபுரம் தெரிய ஆரம்பித்துவிட்டது. 'ரெண்டு பேரும் மொனகல. பரீட்சை செல்லாது. மறுபடி வைக்கணும்னு சொல்லி நாளைக் கடத்திடலாம்' என்று அவர் மூளை வேலை செய்தது. அந்தச் சந்தோஷத்தில் துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

அப்போது பஸ் ஒரு மதகின்மேல் ஏறி இறங்கியது. ஏறினது பஸ். இறங்கினது சக்கரம். நடுவில் பரசுராமன் ஆகாசத்தில் இருந்தார். தலை கூரையைத் தொட்டது. இடுப்பு சீட்டின் இரும்புச் சட்டத்தைத் தொட்டது.

"ஐயோ அம்மா!"

மேடையில் பழகின குரல். மைக் வேண்டாத குரல். டிரைவர் பயந்துபோய் பிரேக் போட்டார். பஸ்ஸில் இருந்த எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. ஆட்டுக்குட்டிகூட வேட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது. ரேணுகாம்பாள் மட்டும் திரும்பவில்லை.

"கலியா, கத்தினது யாருப்பா?" என்று கேட்டாள்.

"மாமாதாங்க்கா."

"இன்னான்னு கத்தினாரு?"

"'அம்மா'ன்னு."

பரசுராமன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். எந்தக் கூட்டத்திலும் அவர் சமாளிக்காமல் விட்டதில்லை.

"அது மொனகல் இல்ல! தா பாரு, கோபுரம் தெரியுது. காமாட்சி அம்மாவைக் கூப்பிட்டேன். சாமி பேரு சொன்னா அது கணக்குல வராது!"

"அப்படியா?" என்றாள் ரேணுகாம்பாள். "இது மொதல்லயே தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா நானும் போவும்போதும் வரும்போதும் வாய் நெறையக் கூப்பிட்டுக்கினே வந்திருப்பேன்."

பஸ் சிரித்த சிரிப்பில் கண்ணாடி இருந்திருந்தால் உடைந்திருக்கும்.

மறுநாள் ரேணுகாம்பாள் கட்டிலை விட்டு எழவில்லை. முட்டி இரண்டும் தேங்காய் மாதிரி இருந்தன.

"பாத்தியா! அப்பவே சொன்னேன்!" என்றார் பரசுராமன், அடுத்த கட்டிலில் இருந்தபடி. அவரும் எழவில்லை.

"இது வரும்னு தெரியும். அதனாலதான் இன்னிக்கு ஒரு நாள் ஒதுக்கி வச்சேன். நாளைக்கு எறங்கிடும். யாத்திரையிலயும் அப்படித்தான். ஒரு நாள் சுத்தினா மறுநாள் பாதி ஓய்வு. லாட்ஜுல கீழ் ரூமு. எல்லாம் காசிநாதன் அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்."

"காசிநாதங்கிட்டயா? எப்ப?"

"போன வாரம்."

"பரீட்சையே நேத்துதானே நடந்துச்சு?"

"ஆமா. பரீட்சை வச்சவரு நீங்களாச்சே. முடிவு இன்னான்னு தெரியாதா?"

சொன்னபடி மூன்றாம் நாள் வீக்கம் இறங்கியது. ஆனால் செய்தி அதற்கு முன்னாலேயே ஊருக்குள் இறங்கிவிட்டது. பஸ்ஸில் கலியன் சொன்னான். சுவருக்கு மேலே ஜோஹரா சொன்னாள். மளிகைக்கடை வீட்டம்மா கேட்டாள். பாத்திரக்கடை வீட்டம்மா கேட்டாள். 'முட்டி வலியோட ரேணுகா அக்காவே போறாங்க, நமக்கு இன்னா கேடு?' என்று வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி. கணவன்மார்கள் தலையை ஆட்டினார்கள்.

அந்த வாரக் கடைசியில் காசிநாதன் உரக்கடைக்குள் நுழைந்தார். நடை சரியில்லை.

"இன்னாபா பண்ணினே நீ?"

"நான் இன்னா பண்ணேன்? ஒரே ஒரு 'அம்மா' சொன்னேன்."

"அந்த ஒரு அம்மாவால எல்லா அம்மாவும் பஸ் ஏறிட்டாங்க! என் வீட்டுக்காரியும் வராளாம். அவ தங்கச்சியும் வராளாம். ஒரு மணி நேரம் வாயை மூடிக்கினு வர முடியல உனக்கு!"

பஸ்ஸில் இருந்த சீட்டு அத்தனையும் நிரம்பிவிட்டது. போதாமல் போயிற்று. சீட்டாட்டம் இல்லாத யாத்திரை எதற்கு என்று சங்கத்தின் முக்கியஸ்தர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்குக் கடையில் சரக்கு வருகிறது. ஒருவருக்குக் காரணமே இல்லை, இருமினார். அவர்கள் விட்ட சீட்டில் அத்தையும் நாத்தனாரும் ஏறினார்கள். பரசுராமனுக்கோ சட்டமே இருந்தது. முனகினவர் வீட்டில். பேச்சு மாறக்கூடாது.

முதலில் அவருக்கு அவமானமாக இருந்தது. இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் உரமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்போது மறுபடியும் அந்த விளக்கு எரிந்தது. உடனே காசிநாதனிடம் ஓடினார்.

"காசி! நாம கன்னியாகுமரிக்கு இன்னாத்துக்குப் போறதா இருந்தோம்?"

"சீட்டாட."

"பொம்பளைங்க இல்லாம."

"ஆமா."

"இப்ப பொம்பளைங்க அத்தினி பேரும் கன்னியாகுமரியில இருப்பாங்க. நாம இங்க இருப்போம். என் வீடு காலி. வாரம் முழுக்க. ஆட்டுக்கல்லு வேணாம், லாட்ஜு வேணாம். வீட்டுக் கூடத்துல மெத்தைய விரிச்சுப் போட்டு, காலை நீட்டிக்கினு..."

காசிநாதன் கண்ணில் நீர் முட்டியது. "பரசு, உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்பா. நீ தலைவன்."

கிளம்பும் நாள் காலையில் பஸ் ராஜ வீதியில் வந்து நின்றது. கதம்பமும் கற்பூரமும் மணந்தன. டிரைவருக்குப் பின்னால் ஓர சீட்டில் ரேணுகாம்பாள் உட்கார்ந்திருந்தாள். எந்த ஊரில் எப்போது நிற்க வேண்டும் என்று டிரைவர் அவளிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே ஆண்கள் வரிசையாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். தொங்கப் போடுவது எப்படி என்று பரசுராமன் முந்தின நாளே ஒத்திகை பார்த்துக் கொடுத்திருந்தார். காசிநாதனின் ஜிப்பாப் பையில் புதுச் சீட்டுக்கட்டு முறுக்கிக்கொண்டு இருந்தது.

"பாத்துப் போயிட்டு வா ரேணுகா" என்றார் பரசுராமன். இதை அவர் நிஜமாகவே சொன்னார். "பாறைக்குப் படகுல போவும்போது கையைப் பிடிச்சுக்க யாரையானா வச்சுக்க. கடலை என் பங்குக்கும் சேத்துப் பாரு. வீட்டைப் பத்திக் கவலைப்படாதே. நான் தனியாச் சமாளிச்சுக்குவேன்."

"நீங்க தனியா இன்னாத்துக்குக் கஷ்டப்படணும்?" ரேணுகாம்பாள் ஜன்னல் வழியாகக் குனிந்தாள். "எங்கம்மா மத்தியான பஸ்ல வராங்க."

காசிநாதன் ஜிப்பாப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"யாரு? உங்கம்மாவா? இன்னாத்துக்கு?"

"அவங்களுக்கும் முட்டி வலிதானே. ரொம்ப நாளா திருப்புட்குழி பாக்கணும், சோளிங்கர் பாக்கணும்னு கேட்டுக்கினே இருந்தாங்க. இட்டுக்கினு போறதுக்கு வெவரம் தெரிஞ்ச ஆளு இல்ல. இப்பதான் நீங்க எல்லாம் கத்துக்கினீங்களே. வாரம் முழுக்க அவரு சும்மாதாம்மா இருப்பாருன்னு சொல்லிட்டேன்."

"சோளிங்கரா? மலைமேல படி ஆயிரத்துக்கு மேலே இருக்குதே ரேணுகா! அவங்க எப்படி..." பரசுராமன் பஸ்ஸோடு கூடவே நடக்க ஆரம்பித்தார். பஸ் நகர்ந்துவிட்டது. "சரி, சரி, அங்க டோலி கெடைக்கும். டோலி பேசிக்கறேன்!"

"அய்ய, டோலின்னா அம்மாவுக்குப் பயம்" என்றாள் ரேணுகாம்பாள். "உங்க தோளுன்னா பயமில்லையாம்."